சேது யாத்திரை: ராமன் நடந்த வரிசையில் போய்வர ஒரு வழிகாட்டி

முதல் தடவை அம்மாவை ராமேசுவரம் அழைத்துப் போனபோது எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். விடிகாலை ரயிலில் இறங்கினோம், கடலில் முங்கினோம், 22 தீர்த்தம் ஆடினோம், சாமி கும்பிட்டோம், சாயங்கால ரயிலைப் பிடித்தோம். பெட்டியில் எதிர் இருக்கையில் இருந்த பாட்டி ஒருவர் பேச்சுவாக்கில், "தேவிபட்டினம் போனீங்களா? திருப்புல்லாணி? சேதுக்கரை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்த அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. "கடைசி அத்தியாயத்தை மட்டும் படிச்சிட்டு வந்திருக்கீங்க" என்றார் பாட்டி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அம்மாவுக்கு அது உறைத்துவிட்டது.

மறு வருடம் முறைப்படி போனோம். அதற்கப்புறம் பெரியம்மா, மாமனார், நண்பர்கள் என்று பலரோடு போயிருக்கிறேன். முதன்முதலாகக் கிளம்புகிறவர்களுக்காக, எந்த ஊர் முதலில், எது அப்புறம், ஏன் அந்த வரிசை, எங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். சேது என்றால் அணை. இந்த யாத்திரைக்கு அடிப்படை ஒரு கதை. சீதையைத் தேடி வந்த ராமன் கடற்கரையில் என்னென்ன செய்தான் என்ற கதை. அது நடந்த வரிசையில் போனால் ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் விடும்.

கிளம்பும் முன்

இரண்டு முழு நாட்கள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடிக்கிறேன் என்று கிளம்பினால் பாதிக் கோவில்கள் நடை சாத்தியிருக்கும்போதுதான் போய் நிற்பீர்கள். இந்தப் பக்கம் பெரும்பாலான கோவில்களில் மதியம் நடை சாத்திவிட்டு, மூன்று, நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள்.

தங்குவதற்கு, யாத்திரைக்கு முந்தின இரவு ராமநாதபுரம், முதல் நாள் இரவு ராமேசுவரம் என்று வைத்துக்கொள்வது வசதி. மதுரையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 115 கிலோமீட்டர், அங்கிருந்து ராமேசுவரம் சுமார் 55 கிலோமீட்டர். எல்லா ஊருக்கும் பஸ் உண்டு. ஆனால் வயதானவர்கள் கூட வந்தால் முதல் நாளுக்கு மட்டுமாவது ஒரு வாடகைக் கார் பேசிவிடுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே வெயில் ஏறிவிடும்.

மாதங்களில் தை, மாசி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தனுஷ்கோடிப் பக்கம் போவதே சிரமம். சித்திரை, வைகாசியில் மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை மூன்றும் முன்னோருக்குக் கொடுக்க உகந்த நாட்கள். அந்த நாட்களில் கடற்கரையில் நிற்கக்கூட இடம் இருக்காது. தர்ப்பணம் கொடுப்பதற்காகவே போகிறவர்கள் போகட்டும். முதன்முறை போகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

துணி விஷயத்தில் கொஞ்சம் யோசித்து எடுத்து வைக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும் இடங்கள் மூன்று நான்கு இருக்கின்றன. நனைந்தால் உடம்போடு ஒட்டாத, கொஞ்சம் அடர் நிறப் பருத்தித் துணியாக இருக்கட்டும். பெண்களுக்குச் சேலையை விடச் சுடிதார் வசதி, துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளலாம். ஆண்களுக்கு வேட்டி, துண்டு போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல்லாகக் கனக்கும், உப்புத் தண்ணீரில் தொடையை அறுத்துவிடும். நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சில்லறைப் பணத்தை ஒரு ஜிப் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை: உப்பூர்

எந்தக் காரியத்துக்கும் முதலில் பிள்ளையார். ராமனும் அப்படித்தான் தொடங்கினான் என்கிறது இந்த ஊர்க் கதை. இலங்கைக்குப் புறப்படும் முன் உப்பூர் விநாயகரை வணங்கிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தானாம். ராமநாதபுரத்திலிருந்து வடக்கே தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது உப்பூர். பட்டுக்கோட்டை, தொண்டி வழியாக வருகிறவர்களுக்கு வழியிலேயே வந்துவிடும். மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் இதற்காகக் கொஞ்சம் வடக்கே போய்த் திரும்ப வேண்டும். போகலாம், வீண் இல்லை.

இங்கே பிள்ளையாருக்குப் பெயர் வெயிலுகந்த விநாயகர். அவர் தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேராக அவர் மேல்தான் விழும். தட்சனின் யாகத்தில் கலந்துகொண்ட பாவம் தீர சூரியன் இங்கே வந்து வணங்கினான், அவன் கதிர் தன் மேல் படும்படி பிள்ளையார் திறந்த வெளியில் அமர்ந்தார் என்பது கதை. காலை வெயில் அந்தக் கருங்கல் மேனியில் வழிந்து இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஏழு மணி வாக்கில் போய்விடுங்கள். ஒரு சிதறுகாய், ஒரு அருகம்புல் மாலை, அவ்வளவுதான். அரை மணி நேரம் போதும்.

தேவிபட்டினம்: கடலுக்குள் ஒன்பது கல்

அதே சாலையில் தெற்கே திரும்பி வந்தால் தேவிபட்டினம். ராமநாதபுரத்திலிருந்து 15 கிலோமீட்டர்தான். கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் ஒன்பது கற்கள் தலை தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும். நவபாஷாணம் என்பது இதுதான். பழநி முருகன் சிலைக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். அங்கே ஒன்பது மருந்துப் பொருள்களின் கலவை என்று அர்த்தம், இங்கே ஒன்பது கல் என்று அர்த்தம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிள்ளையாரை வணங்கிய ராமன் அடுத்து கிரகங்களின் தடை நீங்க, இங்கே தன் கையாலேயே நவக்கிரகங்களை நிறுவினான் என்பார்கள். அலை வந்து வந்து கலைத்ததால் பெருமாளை வேண்டினான், அலை அடங்கியது. கரையில் கடலடைத்த பெருமாள் என்ற பெயரில் அவருக்குக் கோவில் இருக்கிறது. இது பாக் நீரிணை, ஆழம் குறைந்த கடல். பெரிய அலை அடித்து நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். குளம் மாதிரி கிடக்கும் அந்த நீரைப் பார்த்தால் "கடலடைத்த" என்ற பெயருக்கு விளக்கமே தேவைப்படாது.

ஊர்ப் பெயருக்கு இன்னொரு கதை. மகிஷாசுரனைத் துரத்தி வந்த தேவி அவனை இங்கேதான் வதைத்தாள், அதனால் தேவிபட்டினம். அசுரன் ஓடி ஒளிந்த குளம் சக்கர தீர்த்தம்.

இங்கே செய்ய வேண்டியது இதுதான். கரைக் கடையில் நவதானியப் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். கரையிலிருந்து நடைபாலம் போட்டிருக்கிறார்கள், அதில் நடந்து போய்ப் படியில் இறங்கலாம். கற்களை ஒன்பது சுற்று சுற்றி, ஒவ்வொரு கல்லிலும் கொஞ்சம் தானியம் தூவி வணங்குவார்கள். நீர்மட்டம் வேளைக்கு வேளை மாறும். ஒரு தடவை எனக்கு முழங்கால் அளவு, இன்னொரு தடவை இடுப்பளவு. காலடியில் சேறு வழுக்கும், பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். வயதானவர்கள் இறங்க வேண்டாம், மேலே நின்றபடியே தானியத்தைத் தூவினால் போதும். பெரியம்மா அப்படித்தான் செய்தார். தூவிய உளுந்தும் எள்ளும் நீரில் மிதந்து விலகுவதற்குள் சின்னச் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்துவிட்டன. பெரியம்மா நவக்கிரகத்தை மறந்துவிட்டு ரொம்ப நேரம் அந்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்புல்லாணி: புல்லில் படுத்த ராமன்

தேவிபட்டினத்தை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் ராமநாதபுரம் வந்து டிபன் சாப்பிட்டுவிட்டு, தெற்கே 10 கிலோமீட்டரில் உள்ள திருப்புல்லாணிக்குப் பத்தரைக்குள் போய்விடலாம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். மூலவர் ஆதி ஜெகந்நாதப் பெருமாள், தாயார் பத்மாசனி.

இந்த ஊருக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். யாத்திரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கடலைத் தாண்ட வழி கேட்டு ராமன் தர்ப்பைப் புல்லைப் பரப்பி அதன் மேல் படுத்து, சமுத்திர ராஜனை நோக்கிக் கிடந்தான். வால்மீகி மூன்று இரவு என்கிறார். இந்த ஊரில் கேட்டால் ஏழு நாள் என்பார்கள். கடலரசன் வரவேயில்லை. கோபம் வந்து வில்லை எடுத்த பிறகுதான் வந்து நின்றான். இந்தக் காட்சி இங்கே தனிச் சந்நிதியாகவே இருக்கிறது. தர்ப்பசயன ராமர். ரங்கநாதரைப் பார்த்துப் பழகிய கண்ணோடு போனால் பெருமாள் படுத்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். நிதானமாகப் பாருங்கள். பக்கத்தில் சீதை இல்லை. அவள் இலங்கையில் இருக்கிறாளே! எல்லாக் கோவிலிலும் ராமனோடு சேர்த்தே பார்த்துப் பழகிய சீதை இல்லாத அந்த வெற்றிடம்தான் இந்தச் சந்நிதியின் விசேஷம் என்று நான் நினைக்கிறேன். அம்மா அங்கே நின்று, "பாவம்டா, தனியா படுத்திருக்கான்" என்றார். சாமியைப் பற்றி அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

விபீடணன் வந்து சரண் புகுந்ததும் இங்கேதான் என்கிறது தல வரலாறு. அதனால் சரணாகதித் தலம் என்று வைணவப் பெரியவர்கள் இதைக் கொண்டாடுவார்கள். நாளைக்குத் தனுஷ்கோடிப் பாதையில் கோதண்டராமர் கோவிலுக்குப் போகும்போது அங்கேயும் இதே சம்பவத்தைச் சொல்வார்கள். எது சரி என்று அர்ச்சகரிடம் வாதம் செய்ய வேண்டாம். இந்தக் கரை முழுக்கவே ராமன் படையோடு தங்கிய இடம், இரண்டு ஊரும் அந்தச் சரணாகதியைத் தன்னுடையது என்கின்றன.

பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் இங்கே அதிகம். தசரதனே பிள்ளைக்காக இங்கே வந்து வேண்டினான் என்பது ஐதீகம். கோவில் பாயசப் பிரசாதம் அதற்குப் பெயர் பெற்றது. அதற்காக வருகிறவர்கள் முன்கூட்டியே கோவில் அலுவலகத்தில் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பின்புறம் உள்ள அரச மரத்தையும் அதன் அடியில் பிரதிஷ்டை செய்திருக்கும் நாகர்களையும் சுற்றிவிட்டு வாருங்கள்.

சேதுக்கரை

திருப்புல்லாணியிலிருந்து நான்கு கிலோமீட்டர். கடலில் முடிகிற ஒரு சாலை, கடலைப் பார்த்து நிற்கிற ஆஞ்சநேயர். அணை கட்டத் தொடங்கிய இடம் என்பது நம்பிக்கை. இங்கே தலை முழுகுவார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிடும் என்பதால் நான் பாதம் மட்டும் நனைத்துக்கொள்வேன்.

நளன் தலைமையில் வானரங்கள் அணை கட்டிய கணக்கை வால்மீகி நாள்வாரியாகத் தருகிறார். முதல் நாள் 14 யோசனை (பழைய தூர அளவு), அடுத்து 20, அப்புறம் 21, 22, 23. ஐந்தே நாளில் 100 யோசனை. வேலை பழகப் பழக வேகம் கூடுகிறது பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போகும் அணில் வால்மீகியில் இல்லை. அது நம் பக்கத்துச் சொத்து. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலை என்ற நூலில், தண்ணீரில் முங்கி மணலில் புரண்டு அணைக்கு உதவி செய்த அணிலைச் சொல்லி, அந்த அளவுகூடத் தான் இல்லையே என்று உருகுகிறார். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. ஈர மணல் காலடியிலேயே கிடக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு ராமநாதபுரம் வந்துவிடுங்கள். நேரமும் தெம்பும் இருந்தால் சாயங்காலம் உத்தரகோசமங்கை போகலாம். அது ராமன் கதையில் சேராது, அதனால் இங்கே விரிக்கவில்லை. மரகத நடராஜரை வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் பார்க்க முடியும், திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பு களைவார்கள்.

பாம்பனைத் தாண்டுதல்

முதல் நாளே, பகல் வெளிச்சம் இருக்கும்போதே பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேசுவரம் தீவுக்குள் போய்விடுங்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் போகும்போது பக்கத்திலேயே ரயில் பாலங்கள் தெரியும். பழையது 1914-இல் திறந்தது. கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி செங்குத்தாக மேலேறும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, ராமநவமியன்று திறக்கப்பட்டது. ரயிலில் வருகிறவர்கள் இதன் வழியாகத்தான் தீவுக்குள் வருவார்கள்.

தீவில் தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டித் தீர்த்தத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். கடலுக்குள் ஒரு கிணறு. சுற்றிலும் உப்பு நீர், கிணற்றில் நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமன் வில்லை ஊன்றி எடுத்த நீர் என்பது கதை. அணை கட்டியபோது சீதை இங்கே இல்லை என்பதால், இது திரும்பி வரும் வழியில் நடந்தது. இனி ராமேசுவரத்தில் நீங்கள் கேட்கப்போகும் கதைகளில் முக்கால்வாசி திரும்பி வரும்போது நடந்தவைதான். அதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இரண்டாம் நாள்: ராமேசுவரம்

போர் முடிந்தது. ராவணன் அரக்கன் மட்டுமில்லை, புலத்தியர் பேரன், விசுரவசு முனிவரின் மகன். அவனைக் கொன்றதால் வந்த பிரம்மஹத்தி (அந்தணரைக் கொன்ற பாவம்) தீர, சிவலிங்கம் நிறுவி வழிபட வேண்டும் என்று முனிவர்கள் சொல்ல, ராமன் அனுமனைக் கயிலைக்கு அனுப்பினான். குறித்த முகூர்த்தம் நெருங்கியும் அனுமன் வரவில்லை. சீதை கரை மணலை எடுத்துப் பிடித்து வைத்தாள். அதையே வைத்துப் பூசை முடிந்துவிட்டது. கயிலையிலிருந்து லிங்கத்தோடு ஓடோடி வந்த அனுமனுக்கு மனம் உடைந்துபோனது. மணல் லிங்கத்தை வாலால் சுற்றி இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. ராமன் அவனைத் தேற்றி, நீ கொண்டு வந்ததையும் இங்கேயே நிறுவுவோம், முதல் பூசை அதற்குத்தான் என்றான். இந்தக் கதையை விரிவாகச் சொல்வது ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியம்.

ஆகவே உள்ளே போனதும் முதலில் அனுமன் கொண்டு வந்த விசுவலிங்கம், அப்புறம்தான் சீதை பிடித்த ராமலிங்கம், அதாவது மூலவர் ராமநாதர். ராமநாதர் சந்நிதிக்கு வடக்குப் பக்கத்தில் காசி விசுவநாதர் என்ற பெயரில் இருப்பதுதான் விசுவலிங்கம். கூட்டத்தில் நேராக ராமநாதரிடம் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள்தான் நினைவாக முதலில் அங்கே போக வேண்டும்.

இனி காலை வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை ஸ்படிக லிங்க தரிசனம். அதிகாலை ஐந்து மணிக்கு நடை திறந்ததும் நடக்கும், சுமார் ஒரு மணி நேரம்தான். நாலரைக்கே வரிசையில் நிற்க வேண்டும். அறையிலேயே குளித்துவிட்டு உலர்ந்த துணியில் போங்கள். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது, அறையிலேயே விட்டுவிடுங்கள். பின்னால் விளக்கு எரிய, கண்ணாடி போன்ற அந்தச் சின்ன லிங்கத்துக்குப் பாலபிஷேகம் ஆகும்போது ஒளி பாலோடு சேர்ந்து ஓடுவது போலிருக்கும்.

அடுத்து அக்னி தீர்த்தம். கீழக் கோபுரத்துக்கு நேர் எதிரே உள்ள கடல்தான். இங்கேயும் அலை இருக்காது. சங்கல்பம் செய்துவைக்கப் புரோகிதர்கள் வருவார்கள். தொகையை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை "பார்த்துக் கொடுங்கள்" என்ற ஒருவரிடம் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்கும்போது நடந்த பேச்சில் அம்மாவின் மனசு கெட்டுப்போனது. அப்பா இல்லாதவர்கள் தர்ப்பணம் கொடுக்கலாம். பெற்றோர் இருவரும் இருக்கிறவர்கள் வெறுமனே நீராடினால் போதும், யாராவது வற்புறுத்தினாலும் உட்கார வேண்டாம்.

அப்புறம் நனைந்த துணியோடு 22 தீர்த்தம். எல்லாம் கோவிலுக்கு உள்ளேயே இருக்கின்றன, பெரும்பாலும் கிணறுகள். சீட்டு வாங்க வேண்டும். எந்த வாசல் வழியாகப் போவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்றுச் சுவர் மேல் நின்றபடி தீர்த்தம் இறைப்பவர்கள் கயிறு கட்டிய வாளியை வீசி, ஒரு சுண்டு சுண்டி இழுத்து, ஏந்திய தலையில் ஊற்றுவார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் இந்தக் கிணறுகளில் உப்பு கரிக்காது. ஒன்றின் குளிர்ச்சி அடுத்ததில் இல்லை, ருசியும் கிணற்றுக்குக் கிணறு வேறு. வாயில் ஒரு மிடறு விட்டுப் பாருங்கள், தெரியும்.

வேகமாக ஓடாமல் பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். கந்தமாதன, கவாட்ச, கவய, நள, நீல என்று வரிசையாக ஐந்து பெயர்கள் வரும். ஐந்தும் வானர வீரர்களின் பெயர்கள்! நேற்று சேதுக்கரையில் கல் சுமந்தவர்கள் இன்று உங்கள் தலையில் தண்ணீராக விழுகிறார்கள். நள தீர்த்தத்தில் அம்மாவிடம் "நேத்து அணை கட்டினார்னு சொன்னேனே, அவர் பேர்" என்று சொன்னேன். அடுத்த வாளிக்கு அவர் தலையைக் குனியவில்லை, முகத்தை நிமிர்த்தி வாங்கிக்கொண்டார்.

கோடி தீர்த்தத்துக்கு இரண்டு கதை. ராமன் அபிஷேகத்துக்காக அம்பின் நுனியால் எடுத்த நீர் என்பது ஒன்று. மாமன் கம்சனைக் கொன்ற பாவம் தீரக் கண்ணன் இங்கே நீராடினான் என்பது மற்றொன்று. இந்த நீரைத்தான் வீட்டுக்கு எடுத்து வருவார்கள்.

முக்கியமான எச்சரிக்கை: கருங்கல் தரை முழுக்க நாளெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வயதானவர்களை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். முடியாதவர்களுக்குக் கோடி தீர்த்த நீரை மட்டும் தலையில் தெளித்துவிட்டாலே போதும்.

ஈரத்துணியோடு மூலவரைப் பார்க்க விடமாட்டார்கள். துணி மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மாற்றுத் துணியை யாராவது ஒருவர் நனையாமல் வைத்துக்கொண்டு நின்றால் எல்லாருக்கும் சௌகரியம். விசுவநாதர், ராமநாதர், பர்வதவர்த்தினி அம்மன் என்று வணங்கிவிட்டு மூன்றாம் பிரகாரத்துக்கு வாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவேறியது. 1212 தூண்கள். சேதுவைக் காப்பவர் என்பதுதான் ராமநாதபுரம் மன்னர்களின் பட்டப்பெயருக்கே அர்த்தம்.

சேதுமாதவர் சந்நிதியை விட்டுவிடாதீர்கள். புண்ணியநிதி என்ற பாண்டிய மன்னன் ஒரு சிறுமியை மகளாக எடுத்து வளர்த்தான். கிழ வேதியர் ஒருவர் வந்து அவள் கையைப் பிடிக்க, மன்னன் அவரைச் சங்கிலியால் கட்டிப் போட்டான். இரவில் கனவு வந்தது. வளர்ந்த பெண் லட்சுமி, கட்டிப் போட்டது திருமாலை. காலையில் ஓடிப் போய்க் காலில் விழுந்த மன்னனிடம், கட்டு இருக்கட்டும், நான் இப்படியே இங்கே இருக்கிறேன் என்றார் பெருமாள். சிவன் கோவிலுக்குள் சங்கிலி பூண்ட பெருமாள் இருப்பதன் காரணம் இதுதான்.

மதியத்துக்கு மேல்: தனுஷ்கோடி

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புங்கள். மாலைக்குப் பிறகு அந்தச் சாலையில் விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குடிநீர், தொப்பி, குடை கட்டாயம். வழியில் கோதண்டராமர் கோவில். விபீடணனுக்கு இலங்கை அரசனாகப் பட்டம் சூட்டிய இடம் என்பார்கள். போர் தொடங்குமுன்பே, கடல்நீரைக் கொண்டு சூட்டிய பட்டம் அது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. அந்த இரவில் இந்தக் கோவில் நின்றது.

2017-இல் போட்ட சாலை அரிச்சல்முனை வரை போகிறது. அதற்கு முன்பெல்லாம் மணலில் வேன்தான். வழியில் இடிந்த மாதா கோவிலும் ரயில் நிலையச் சுவர்களும் நிற்கின்றன. இங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே நின்று படம் பிடிக்கிறவர்கள், இங்கே குடும்பம் குடும்பமாக மக்கள் மாண்டார்கள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

முனையில் நின்றால் இடது கைப்பக்கம் அசையாமல் கிடக்கும் கடலைப் பெண்கடல் என்பார்கள், வலது கைப்பக்கம் சீறுகிற மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். பழைய நூல்கள் மகோததி, ரத்னாகரம் என்கின்றன. வெற்றியோடு திரும்பிய ராமனிடம், இந்த அணை இப்படியே இருந்தால் யார் வேண்டுமானாலும் இலங்கைக்குள் வந்துவிடுவார்கள் என்று விபீடணன் வேண்ட, ராமன் வில்லின் நுனியால் அணையை உடைத்தான். தனுஷ் என்றால் வில், கோடி என்றால் நுனி. புல்லில் படுத்து வழி கேட்டுக் கட்டிய அணையை அவனே உடைத்த இடத்தில் நிற்கிறீர்கள்.

முனையில் நீராட வேண்டாம். இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று சொல்ல முடியாது. பெண்கடல் பக்கம் ஓரமாக நின்று ஒரு கை நீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் வெளிச்சம் மிச்சம் இருந்தால் கந்தமாதன பர்வதம் ஏறி ராமர் பாதம் பார்க்கலாம். தீவிலேயே உயரமான இடம், கோபுரம் முதல் கடல் வரை எல்லாம் தெரியும்.

மணல் எடுத்து வருவது

காசிக்குப் போகும் எண்ணம் இருக்கிறவர்கள் சேதுவில் ஒரு பிடி மணல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிடிதான், அதற்கு மேல் வேண்டாம். புரோகிதரிடம் சொன்னால் முறைப்படி பூசை செய்து கொடுப்பார். ஈரம் காய வைத்து, ஒரு சின்னச் செம்பில் போட்டு வாயைத் துணியால் கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் உப்பு பூத்துச் செம்பு பச்சை பிடித்துவிடும். இந்த மணலைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, காசி போய் கங்கை நீர் எடுத்து, அதைத் திரும்ப இங்கே கொண்டு வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. வடக்கத்திக்காரர்கள் கங்கை நீரோடு இங்கே வருவதும், நாம் மணலோடு அங்கே போவதும் காலங்காலமாக நடக்கிறது.

அம்மா எடுத்து வந்த மணல் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் விளக்குக்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் செம்பைத் துடைத்து அதற்கும் ஒரு பொட்டு வைப்பார். வருகிற மாசிக்குப் பிரயாகை போக டிக்கெட் போட்டாயிற்று.